கூலண்ட் இறங்கிய பழைய காரில் ஹீட்டர் சூடாகவில்லையா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

"இன்னா சார், வேலூர்ல போய் ஹீட்டரா?" பழைய காரை ஷெட்டில் விட்டுவிட்டு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அந்த நாப் வருஷம் முழுக்க நீலப் பக்கத்திலேயே கிடக்கும். சிவப்புப் பக்கம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருவதே மார்கழியில் குடும்பத்தோடு ஏலகிரி ஏறும்போதுதான். இல்லையென்றால் விடியற்காலையில் கிளம்பி கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும்போது. கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்து முன்னால் போகும் லாரியின் விளக்கு மங்கலாகத் தெரிகிற நேரத்தில் நாப்பைத் திருப்புகிறோம். வருவது குளிர்ந்த காற்று.

கொஞ்ச நாள் முன்னால் அந்த வண்டியில் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்து, யாரோ நிரப்பிக் கொடுத்திருந்தால், இதை ஹீட்டர் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். என்ஜினைக் குளிர்விக்கும் வேலை முழுதாக நடக்கவில்லை என்பதற்கு முதலில் கிடைக்கும் அறிகுறி இது. மார்கழியில் ஹீட்டர் வராத வண்டிதான் சித்திரையில் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஹீட்டர் தேவையே இல்லை என்கிறவர்களும் இதைப் பார்த்தாக வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது

பழைய பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் இல்லை. என்ஜினில் சுற்றிச் சூடான கூலண்ட்டின் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போய்த் திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். புளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

பல வண்டிகளில் இந்தக் கோர் கூலண்ட் பாதையில் உயரமான இடத்தில் இருக்கும். கூலண்ட் ஒரு லிட்டர் குறைந்தாலே காற்று மேலே ஏறி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடியேட்டர் அப்போதைக்குச் சமாளித்துக்கொள்ளும், ஹீட்டர் மட்டும் முதலில் கைவிடும்.

தொடங்கும் முன்

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 கிலோ அழுத்த மூடி போட்ட வண்டியில் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டு, அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆறி, மெத்தென்று அமுங்கினால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம். தோளில் துண்டும் தொங்கும் லுங்கியுமாகக் குனிகிற வேலை இதில்லை.

வடித்த கூலண்ட்டைத் தெருக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருநாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி போட்ட கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

முதல் படி: அளவைப் பாருங்கள், போன வழியைக் கண்டுபிடியுங்கள்

காலையில் வண்டியை எடுக்கும் முன், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பாருங்கள். பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்கில் கோடு வரை இருக்கிறது என்பதை வைத்துத் திருப்திப்படக் கூடாது. ரேடியேட்டர் மூடியையே திறந்து, கழுத்து வரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும் வண்டிகள் உண்டு. சூட்டில் விரிந்த கூலண்ட் டேங்குக்குப் போகும். ஆறும்போது மூடியில் இருக்கும் சின்ன வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்திருந்தாலோ, டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ கூலண்ட்டுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். மூடி மலிவான பொருள். பழைய வண்டி என்றால் யோசிக்காமல் புதிது போடுங்கள், அதே அழுத்த எண் பொறித்ததாகப் பார்த்து.

குறைந்திருந்தால் நிரப்புவதற்கு முன் எங்கே போனது என்று தேடுங்கள். ஹோஸ் முனைகளில் கிளாம்ப் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ காய்ந்த கறை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து வழிந்த தடம், என்ஜின் பிளாக்கில் வட்ட மூடிகளைச் சுற்றித் துரு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஷெட்டில் பிரஷர் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அது ரேடியேட்டர் வாயில் மாட்டும் கைப்பம்பு. என்ஜின் ஆறியிருக்கும்போதே அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

பலரும் விட்டுவிடும் இடம் காருக்குள்ளேயே இருக்கிறது. முன்சீட்டில் இடது பக்கம் உட்காருபவரின் கால்மிதி ஈரமாக இருந்தால், "ஏசி தண்ணி சார்" என்று முடித்துவிடுவார்கள். ஏசியின் வடிகால் அடைத்தாலும் அங்கேதான் நனையும் என்பது உண்மைதான். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஏசி தண்ணீர் நிறமும் வாசனையும் இல்லாமல் இருக்கும், துடைத்தால் காய்ந்துவிடும். கூலண்ட் பிசுபிசுக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும், வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டும். கண்ணாடிப் பனியை நீக்கும் டீஃபாக் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய்ப்பசை மாதிரி படலம் ஏறினால் ஹீட்டர் கோரே ஓட்டையாகியிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இரண்டாம் படி: டெம்பரேச்சர் முள்

கூலண்ட் சரியாக இருக்கிறது, வண்டியும் இருபது நிமிடம் ஓடிவிட்டது, ஆனாலும் முள் அடிக்கோட்டைவிட்டுக் கிளம்பவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். என்ஜின் சூடாகும் வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் மூடி வைத்திருக்கும் வால்வு அது. திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இருக்காது. இரண்டாவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். வண்டி ஒருமுறை ஹீட் ஆனதும் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் அதிகாலை நெடுஞ்சாலையில் சரியான சூட்டுக்கே வராது. மைலேஜ் குறையும், ஹீட்டரில் வெதுவெதுப்பு மட்டும்தான் வரும். சில என்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மூட வேண்டிய பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால், கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, எந்தச் சூட்டுக்குப் பயந்து கழற்றினார்களோ அதே சூடு திரும்ப வரும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 அல்லது 88 என்பது போல அதிலேயே எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறும்போது முழுதாக மூட வேண்டும்.

முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள். கூலண்ட் இல்லை, அல்லது சுற்றவில்லை என்று அர்த்தம். முள் சாதாரணமாக இருக்கிறதே என்றும் அலட்சியம் வேண்டாம். கூலண்ட் ரொம்ப இறங்கிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் குறைவாகவே காட்டும். அந்த நேரத்தில் ஹீட்டர் சட்டென்று குளிர்ந்துபோவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை.

மூன்றாம் படி: இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம், பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஹீட்டர் நாப்பை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை ஓடவிடுங்கள். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவருக்குள் இரண்டு மெல்லிய ஹோஸ் போகும். சுற்றும் பெல்ட்டுக்குக் கையைத் தள்ளி வைத்து, விரலின் புறப்பக்கத்தால் இரண்டையும் தொட்டுத் தொட்டு எடுங்கள். பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், 80 டிகிரிக்கு மேல் இருக்கும்.

இரண்டுமே கை வைக்க முடியாத சூடு என்றால் கோருக்குள் கூலண்ட் நன்றாகப் போய் வருகிறது. குறை காற்றுப் பக்கத்தில். சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்கதவு சிக்கியிருக்கும், நாப்பிலிருந்து அதற்குப் போகும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது கேபின் ஃபில்டரில் புழுதி அடைத்துக் காற்றே வராது.

ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது அல்லது கோருக்குப் போகும் கூலண்ட்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

இரண்டும் குளிர்ச்சி என்றால் கூலண்ட் குறைவு, ஏர் லாக் (பாதையில் காற்று மாட்டிக்கொள்வது), பழுதான வாட்டர் பம்ப், மூடிய வால்வு ஆகியவற்றில் ஒன்று. அல்லது முன்பு யாரோ ஹீட்டர் லைனையே பைபாஸ் செய்து விட்டிருப்பார்கள். பழைய வண்டியை வாங்கியவர்கள் இந்தக் கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. கோருக்குப் போக வேண்டிய ஹோஸ் வளைந்து என்ஜினுக்கே திரும்பியிருந்தால் அத்தோடு தேடல் முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது குளிர்காற்று, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சூடு வருகிறது என்றால் பெரும்பாலும் கூலண்ட் குறைவோ காற்றோதான். பம்பின் இறக்கை தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும், ஆனால் கூலண்ட் கசிந்த வண்டியில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் இருக்க வேண்டும்.

நான்காம் படி: எதை ஊற்றுவது

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹீட் ஆன வண்டியை நிறுத்தினால் பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு குடம் வாங்கி ஊற்றுவதுதான் வழக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து நிலத்தடி நீரின் உப்பைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று நீர் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை உப்புப் படிய வைப்பதை தினமும் பார்க்கிறோம். ஹீட்டர் கோரின் குழாய்கள் ரேடியேட்டர் குழாய்களைப் போலவே மெல்லியவை. அங்கே படிந்தால் பிறகு தேய்த்துக் கழுவ வழியே இல்லை.

நடுவழியில் வேறு கதி இல்லையென்றால் கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள், தப்பில்லை. ஆனால் என்ஜின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டே விரிசல் விடலாம். வீட்டுக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கூலண்ட்டை முறையாக நிரப்புங்கள்.

கடையில் இரண்டு வகை இருக்கும். அப்படியே ஊற்றுவது ஒன்று, தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கான்சன்ட்ரேட் இன்னொன்று. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. உறைபனி இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். நமக்கு வேண்டியது அதன் மற்ற இரண்டு குணங்கள். கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே துருப் பிடிக்காமல் காக்கிறது. வெறும் தண்ணீரில் ஓடிய பழைய என்ஜினின் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதன் அருமை தெரியும். நிறத்தை மட்டும் நம்பிப் பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முழுதாக வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

ஐந்தாம் படி: காற்றை வெளியேற்றுவது

கூலண்ட் கசிந்த பிறகு ஹீட்டர் வராத வண்டிகளில் பெரும்பாலானவை இங்கேயே சரியாகிவிடும். அவசரப்பட்டால்தான் திரும்பத் திரும்ப வரும்.

வண்டியின் மூக்கு உயரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். வாசலில் காரை ஏற்றும் சரிவு இருக்கிறதே, அதுவே போதும். ரேடியேட்டர் வாய் எல்லாவற்றையும்விட மேலே இருந்தால் காற்று அதை நோக்கி வரும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வால்வு உள்ள வண்டிகளில் இதைச் செய்யாவிட்டால் கோருக்குப் போகும் வழி மூடியே இருக்கும், மற்ற வேலை எல்லாம் வீண். பிறகு கூலண்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். கடகடவென்று கவிழ்த்தால் காற்று கீழே மாட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் வந்ததும் இறுக்குங்கள்.

மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் இன்னொரு முறை இறங்கும். அந்தக் கட்டத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக உயர்த்தி, 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை சிறிது நேரம் பிடியுங்கள். கூலண்ட் மேலே எக்கி வந்தால் உடனே விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்ததும் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருந்து அணையுங்கள்.

மூடி ரேடியேட்டரில் இல்லாமல் பிளாஸ்டிக் டேங்கிலேயே இருக்கும் வண்டிகளிலும் முறை இதுதான். ஆனால் கழுத்து வரை ஊற்றக் கூடாது, டேங்கின் மேல்கோட்டோடு நிறுத்த வேண்டும்.

வேலை இதோடு முடியவில்லை. மறுநாள் காலை ஆறிய என்ஜினில் திறந்து பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். நிரப்பி, ஒரு வாரம் காலையில் பார்த்து வாருங்கள். இரண்டு மூன்று நாளில் மட்டம் நிலைக்க வேண்டும். தினமும் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது.

ஒரு கணக்கு உதவும். சிறிய கார்களில் மொத்தக் கூலண்ட் பெரும்பாலும் 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். வடித்தது 4 லிட்டர், உள்ளே போனது இரண்டரைதான் என்றால் மீதி இடத்தில் காற்று இருக்கிறது. அளந்து ஊற்றும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: வால்வும் கோரும்

வருஷக்கணக்கில் நீலப் பக்கத்திலேயே இருந்த ஹீட்டர் வால்வு அப்படியே இறுகிப் போயிருக்கும். ஒருவர் உள்ளே நாப்பைத் திருப்ப, இன்னொருவர் பானட்டுக்குள் வால்வின் கை அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பலமாக முறுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் வால்வு உடைந்து கையோடு வரும். சரியான பிறகு மாதம் ஒருமுறையாவது ஹீட்டரைச் சில நிமிடம் முழுச் சூட்டில் ஓட்டுங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை.

கோர் அடைப்புக்கு, ஆறிய என்ஜினில் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் வெளியே வரும் முனை வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் விடுங்கள். தோட்டத்துக் குழாயின் மெல்லிய அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் கடை பம்பையோ கம்ப்ரசர் காற்றையோ வைத்தால் பழைய கோர் டேஷ்போர்டுக்குள்ளேயே வெடிக்கும், பிறகு டேஷ்போர்டு மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை விட்டு, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரால் அலசி மாட்டி, ஐந்தாம் படியை மறுபடி செய்யுங்கள். கசிவை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, கோரை அடைத்துவிடும்.

எப்போது ஷெட்டுக்கு விட வேண்டும்

எத்தனை முறை காற்றை எடுத்தாலும் குமிழி நிற்கவில்லை, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் குழம்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும், சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற சந்தேகம்தான். மூடியின் அடியில் லேசான படலம் மட்டும் இருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், குறுகிய ஓட்டத்தில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்ட்டில் கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கலாம். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் முன் அதைக் கேளுங்கள். கழற்றினால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்காமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூட விடாதீர்கள்.

கோர் ஓட்டை, புதியது கிடைக்கவில்லை, நாளைக்கே ஊருக்குப் போக வேண்டும் என்றால் பைபாஸ் செய்வதில் தவறில்லை. இரண்டு ஹோஸ் முனைகளையும் ஒரு குழாயால் இணைத்து ஓட்டம் தொடரும்படி செய்யச் சொல்லுங்கள். போல்ட்டைச் செருகி அடைப்பது வேண்டாம். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்றுவது இந்த வழியை நம்பித்தான்.

ஹீட்டர் சரியாக இருந்தால் மே மாதத்தில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முள் ஏறும்போதும் அது கை கொடுக்கும். ஏசியை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் முழுதாக வைத்து, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். என்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும், உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள், முள் இறங்கும். இறங்காவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, முழுதாக ஆறும் வரை மூடியைத் தொடாமல் காத்திருங்கள்.